விழுந்தாரா, கடந்தாரா? மும்பை புறநகர் ரயிலில் ஒரு மரணமும் அதன் ஆவணங்களும்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

மும்பையில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் தன் மகனைப் புறநகர் ரயிலில் இழந்ததையும், அந்த மரணம் காகிதத்தில் பதிவான விதத்தையும், அந்தப் பதிவை எதிர்த்து இழப்பீடு பெற நடந்த முயற்சியையும் இந்த ஆய்வு விவரிக்கிறது. ஆவண வேலைகளில் மும்பைத் தமிழர்களுக்கு உதவும் ஒரு சிறு தன்னார்வக் குழுவிடம் இந்தக் குடும்பம் வந்தது. அந்தக் குழுவில் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். யாரும் அடையாளம் காணப்படாதிருக்க ஆள், நிலையம், காவல் நிலையம், மருத்துவமனை ஆகியவற்றின் பெயர்கள் விடப்பட்டுள்ளன.

குடும்பத்தின் பூர்வீகம் திருநெல்வேலி மாவட்டம். தந்தை இளம் வயதிலேயே தாராவிக்கு வந்து தோல் பை தைக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். வாடகை கட்டுப்படியாகாமல் பின்னர் தாணேவுக்கு அப்பால் குடிபெயர்ந்தார்கள். அவ்வாறு போன ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் போலவே, வீடு ஓரிடமும் பிழைப்பு வேறிடமுமாகி, நடுவில் லோக்கல் ரயில் நின்றது. மகளுக்குத் திருமணமாகிவிட்டது. இளையவரான மகனுக்கு 26 வயது, மணமாகவில்லை. குர்லா பக்கத்தில் ஒரு கிடங்கில் சரக்கு இருப்புக் கணக்கு பார்த்துவந்தார். மாதாந்திர சீசன் பாஸைச் செல்பேசிச் செயலியில் எடுத்து, வங்கிக் கணக்கிலிருந்தே பணம் செலுத்துவது அவருடைய வழக்கம். தாளில் பாஸ் வைத்துக்கொள்வதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். பின்னால் இது பெரிய விஷயமாயிற்று.

மும்பையின் காலை நேர நெரிசலைக் கணக்கிடும்போது ரயில்வே வட்டாரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் நிற்பதாகச் சொல்வார்கள். அந்த அளவு நெரிசலில் உள்ளே போவதும் வாசலில் நிற்பதும் பயணியின் விருப்பத்தைப் பொறுத்தவை அல்ல. கல்யாண் பக்கமிருந்து நிரம்பி வரும் ஃபாஸ்ட் வண்டியில் நடுவழி நிலையத்தில் ஏறுபவருக்குக் கிடைப்பது ஃபுட்போர்டும், கைக்கு எட்டினால் நடுக்கம்பியும்தான்.

சட்டத்தின் நிலையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 123ஆம் பிரிவு, பயணிகள் வண்டியிலிருந்து ஒரு பயணி தவறி விழுவதை ‘அசம்பாவித நிகழ்வு’ என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அப்படி விழுந்து இறந்தால், யார் மேல் தவறு என்று பாராமலே ரயில்வே இழப்பீடு தர வேண்டும் என்கிறது 124ஏ பிரிவு. தற்கொலை, தானே வருவித்துக்கொண்ட காயம், தன் குற்றச் செயல், குடிபோதை அல்லது புத்தி பேதலித்த நிலையில் செய்த செயல், நோய் போன்ற இயற்கைக் காரணங்கள் ஆகியவை மட்டுமே விலக்கு. மரணத்துக்கான இழப்பீடு 2017 ஜனவரி 1 முதல் 4 லட்சத்திலிருந்து 8 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதி இறப்பவர் இந்தப் பாதுகாப்புக்குள் வருவதில்லை. அவர் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிடுகிறார். எனவே ‘வண்டியிலிருந்து விழுந்தார்’ என்பதற்கும் ‘தண்டவாளத்தைக் கடந்தார்’ என்பதற்கும் இடையில் ஒரு குடும்பத்தின் முழு உரிமையும் நிற்கிறது.

அன்று நடந்தது

2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு வேலைநாள் காலை. ஒன்பது மணிக்குச் சற்று முன்பு வரும் ஃபாஸ்ட் லோக்கலில், தினமும் ஏறும் அதே வாசலில் அவர் ஏறினார். நிலையத்தைத் தாண்டிச் சிறிது தொலைவில் பாதை வளைகிறது. அந்த வளைவில் வாசல் ஓரத்தில் நின்றவர்கள் வெளிப்பக்கம் தள்ளப்பட, அவருடைய பிடி நழுவியது. அதே வாசலில் நின்ற சக பயணி ஒருவர் கூச்சலிட்டார். சங்கிலி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. வண்டி நிற்கவில்லை. அடுத்த நிலையம் வருவதற்குள் அவர் 139 என்ற ரயில்வே உதவி எண்ணை அழைத்து ஒருவர் விழுந்துவிட்டதைத் தெரிவித்தார். பதிவு எண்ணுடன் குறுஞ்செய்தி வந்தது. அவர் வேலைக்குப் போய்விட்டார். இதை யாரும் குறை சொல்வதற்கில்லை, தினக்கூலிக்காரர் அவர்.

பாதையைச் சோதித்துக்கொண்டு வந்த கீமேன் ஒருவர் அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டு அருகிலுள்ள நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் மெமோ எழுதினார். சுமை தூக்குவோர் ஸ்ட்ரெச்சரில் நிலையத்துக்குக் கொண்டுவர, ரயில்வே போலீசார் மாநகராட்சி மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். வரும் வழியிலேயே உயிர் போய்விட்டதாக அங்கே சொன்னார்கள். சட்டைப் பையில் கிடங்கின் அடையாள அட்டை இருந்தது. செல்பேசி கிடைக்கவில்லை. கிடங்கின் மேலாளர் வழியாகப் பிற்பகலில்தான் வீட்டுக்குச் செய்தி போனது.

எழுதப்பட்ட தாள்கள்

ஸ்டேஷன் மாஸ்டரின் மெமோவில், இன்ன கிலோமீட்டரில் இன்ன மின்கம்பத்தருகே சுமார் 25 முதல் 30 வயதுள்ள ஆண் ஒருவர் காயத்துடன் கிடக்கிறார், மேல்நடவடிக்கை எடுக்கவும் என்று மட்டுமே இருந்தது. எப்படி அடிபட்டார் என்பது பற்றி அதில் ஒன்றுமில்லை. சில மணி நேரம் கழித்து மருத்துவமனையில் எழுதப்பட்ட பஞ்சநாமாவில்தான் (சாட்சிகள் முன்னிலையில் போலீசார் எழுதும் விசாரணைக் குறிப்பு) ‘தண்டவாளத்தைக் கடக்கும்போது அடையாளம் தெரியாத ரயில் மோதி’ என்ற வாசகம் முதன்முதலாக வருகிறது. பார்த்தவர் யார், எந்த வண்டி என்ற விவரம் எதுவுமில்லை.

மாலையில் தந்தையிடம் வாக்குமூலம் வாங்கப்பட்டது. அவருக்கு இந்தியும் மராத்தியும் தடையின்றிப் பேச வரும். இரண்டையும் படிக்கத் தெரியாது. மராத்தியில் எழுதப்பட்ட அந்தத் தாளில், தம் மகன் தண்டவாளத்தைக் கடந்தபோது ரயிலில் அடிபட்டு இறந்தார் என்றும், தமக்கு யார் மீதும் சந்தேகமோ புகாரோ இல்லை என்றும் இருந்தது. கீழே தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். பின்னர் நாங்கள் கேட்டபோது அவர் சொன்னது: “வாசிச்சுத்தான் காட்டுனாவ தம்பி. தண்டவாளத்துல கெடந்தான்னு சொன்ன மாதிரிதான் என் காதுல விழுந்துச்சு. பையன எப்பத் தருவீங்கன்னு மட்டும் கேட்டேன்.”

இதில் வேண்டுமென்றே செய்த சூது ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தண்டவாளத்தைக் கடந்து இறப்பவர்களின் பஞ்சநாமாவை அடிக்கடி எழுதும் கை, விவரம் தெரியாத இடத்திலும் அதே வாசகத்தை எழுதிவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையே ‘ரயிலிலிருந்து விழுதல்’, ‘பாதையில் மனிதர் மீது மோதல்’ ஆகிய இரண்டையும் ஒரே தலைப்பில் சேர்த்துத்தான் எண்ணுகிறது. ரயில்வே தொடர்பான விபத்துகளில் மிகப் பெரிய பங்கு அந்தத் தலைப்புக்குத்தான். தடம் புரளல், மோதல், தீ போன்றவற்றை வைத்து ரயில்வே தனியாக வெளியிடும் விபத்துக் கணக்கில் இத்தகைய மரணங்கள் இடம்பெறுவதேயில்லை. ஒடிசாவின் பாஹாநாகாவில் 2023 ஜூன் 2 அன்று நடந்ததைப் போன்ற பெருவிபத்து என்றால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் நேரில் விசாரிப்பார். சிக்னல் கம்பி இணைப்பு வரை ஆராயப்படும். ஒருவர் மட்டும் விழுந்து இறந்தால் அவ்வளவு தொலைவு யாரும் போவதில்லை. ஆகவே பஞ்சநாமாவில் விழுந்த வாசகமே கடைசிவரை நிற்கிறது.

எங்களிடம் வந்தபோது கண்டவை

காரியங்கள் முடிந்த பிறகு தாய்மாமன்தான் தாள்களை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கு முன்பே மருத்துவமனை வாசலில் ஒரு தரகர் அவர்களைப் பிடித்து, வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு தந்தால் எல்லாவற்றையும் தாமே முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். குடும்பம் சம்மதிக்காமல் இருந்தது நல்லதாயிற்று.

முதலில் மெமோவில் இருந்த கிலோமீட்டர் எண்ணை வைத்து இடத்தைப் பார்த்தோம். பாதைக்குள் இறங்கவில்லை, மேம்பாலத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது. ஒரு பக்கம் ஆளுயரத்துக்கு மேற்பட்ட தடுப்புச் சுவர், மறுபக்கம் கழிமுகச் சேறும் வடிகாலும். குடியிருப்பு, கடை, ஒற்றையடிப் பாதை எதுவும் இல்லை. மும்பையில் மக்கள் தண்டவாளத்தைக் கடக்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: சுவரில் ஓட்டை இருக்கும், கால்பட்டுத் தேய்ந்த தடம் இருக்கும். இங்கே கடப்பதற்கு அக்கரை என்று ஒன்று இல்லை. மேலும் அவருடைய வீடு இந்த இடத்திலிருந்து வெகு தொலைவில், நிலையத்துக்கு எதிர்த்திசையில் இருந்தது.

அடுத்ததாக எங்கள் கண்ணில் பட்டது, தாள்களில் இல்லாத ஒன்று. பட்டப்பகலில் ஓர் ஆள் வண்டியின் முகப்பில் மோதினால், வண்டியை ஓட்டும் மோட்டார்மேனுக்குத் தெரியாமல் போக வாய்ப்பு மிகக் குறைவு. அவர் கார்டுக்கும் அடுத்த நிலையத்துக்கும் தகவல் கொடுப்பார். அந்த வண்டியின் எண் மெமோவில் ஏறும். நடுப்பெட்டியின் வாசலிலிருந்து பக்கவாட்டில் ஒருவர் விழுந்தால் மோட்டார்மேனுக்குத் தெரிய வழியில்லை. இந்த நிகழ்வில் எந்த மோட்டார்மேனும் எதையும் தெரிவித்திருக்கவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் தலைக்காயமும் உடலின் ஒரு பக்கத்தில் உராய்வுக் காயங்களும் குறிப்பிடப்பட்டிருந்தன. சக்கரத்தில் சிக்கியதற்கான அடையாளம் சொல்லப்படவில்லை. இது மட்டுமே விழுந்ததை நிறுவிவிடாது. மற்றவற்றோடு சேர்த்துப் பார்த்தால் பொருந்துகிறது என்று குறித்துக்கொண்டோம்.

பயணி என்பதற்கான சான்றோ செல்பேசியோடு போய்விட்டிருந்தது. வங்கிக் கணக்கு விவரத்தில் மாதந்தோறும் பாஸுக்கான தொகை பற்றாகியிருந்ததும், கடைசியாக எடுத்த பாஸின் காலம் விபத்து நாளன்று முடிந்திருக்கவில்லை என்பதும் தெரிந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உடனடித் தேவை சாட்சி. மாமன் அடுத்த வாரம் அதே நேரத்தில், அதே நடைமேடையில், அந்தப் பெட்டியின் வாசல் வந்து நிற்கும் இடத்தில் மருமகனின் படத்துடன் போய் நின்றார். தினமும் ஒரே வண்டியில் வருபவர்கள் நிற்கும் இடம் மாறுவதில்லை. இரண்டாவது நாள் ஒரு மராத்திக்காரர் படத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். 139ஐ அழைத்தவர் அவர்தான். பதிவு எண் வந்த குறுஞ்செய்தி அவருடைய செல்பேசியில் அழியாமல் இருந்தது. பிரமாணப் பத்திரம் கொடுக்கச் சற்றுத் தயங்கிப் பிறகு ஒப்புக்கொண்டார்.

பஞ்சநாமாவைத் திருத்தக் கோரிப் போலீசாருடன் முதலில் மோதுவதா, நேரே ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்குப் போவதா என்பது அடுத்த கேள்வி. தீர்ப்பாயத்தில் மனு செய்ய ஓராண்டுதான் கெடு. தக்க காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படும் என்றாலும் அதை நம்பி இருக்க முடியாது. திருத்த மனு எப்போது முடியும் என்று யாரும் சொல்லவும் முடியாது. எனவே, யாரையும் குற்றம் சாட்டாமல், தந்தைக்கு மராத்தி படிக்கத் தெரியாது என்பதையும் சாட்சி ஒருவர் இருப்பதையும் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்து அதற்கு ஒப்புகை மட்டும் வாங்கிக்கொண்டோம். அதே நாள்களில் தகவல் உரிமைச் சட்டத்தின்படி மெமோ, நிலைய நாட்குறிப்பு, கண்காணிப்புக் கேமரா பதிவு ஆகியவற்றைக் கேட்டோம். முதல் இரண்டும் கிடைத்தன. கேமரா பதிவு அதற்குள் மேலெழுதப்பட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

மிகுந்த விவாதம் நடந்தது வேறொன்றைப் பற்றி. அவர் வாசலில் நின்றார் என்பதை மனுவில் சொல்லக் கூடாது, சொன்னால் அவருடைய அஜாக்கிரதை என்று தள்ளிவிடுவார்கள் என்று உறவினர் சிலர் உறுதியாக வாதிட்டனர். மறைக்க வேண்டாம் என்று குழு தீர்மானித்தது. சாட்சி பார்த்ததே வாசலில்தான் என்பதால் மறைத்தால் சாட்சியம் குலையும். தவிர, திறந்த வாசலில் நின்று விழுந்தவரின் வழக்கான ஜமீலா வழக்கில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அது கவனக்குறைவாக இருக்கலாமே ஒழியக் குற்றச் செயல் ஆகாது என்று கூறிவிட்டது. 2018 மே மாதம் ரீனா தேவி வழக்கில், தானே வருவித்துக்கொண்ட காயம் என்றால் அதற்கு நோக்கம் இருந்திருக்க வேண்டும், வெறும் கவனக்குறைவு போதாது என்றும் சொல்லியிருந்தது. உண்மை நம் பக்கம் நிற்கும்போது அதைச் செதுக்குவதற்கு என்ன அவசியம்?

செல்பேசி இல்லாததற்கும் அதே தீர்ப்பு கைகொடுத்தது. பயணச்சீட்டு உடலில் கிடைக்கவில்லை என்பதாலேயே ஒருவர் முறையான பயணி அல்லர் என்றாகிவிடாது. உரிய விவரங்களுடன் குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் தொடக்கச் சுமை தீர்ந்து, மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேயிடம் போகும் என்பது அதன் சாரம். அதேசமயம் தண்டவாளத்தருகே உடல் கிடந்தது என்பது மட்டுமே போதாது என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. எனவே வங்கிக் கணக்கு விவரத்தைச் சேர்த்ததோடு, அந்தக் கைபேசி எண்ணில் எடுக்கப்பட்ட பாஸ்களின் பதிவை ரயில்வே தன் கணினியிலிருந்து தாக்கல் செய்ய வேண்டும் என்றும் மனுவில் கோரினோம். மணமாகாதவர் என்பதால் பெற்றோர் இருவரும் மனுதாரர்கள் ஆயினர். சட்ட உதவி மையத்தின் வழியாக ஒரு வழக்கறிஞர் அமைந்தார்.

தீர்ப்பாயத்தில்

ரயில்வே தரப்பு தன் பதிலில் மூன்றையும் எழுப்பியது: பயணச்சீட்டு இல்லை, பஞ்சநாமா கடந்ததாகச் சொல்கிறது, தந்தையே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். ரயில்வே பாதுகாப்புப் படை விசாரித்துக் கோட்ட மேலாளர் வழியாக வந்த அறிக்கையும் அதே முடிவையே சொன்னது. படித்துப் பார்த்தால் அது பஞ்சநாமாவின் வாசகத்தையே ஏறக்குறைய மறுபடி எழுதியிருந்தது.

தந்தையின் குறுக்கு விசாரணைதான் எங்களுக்குக் கவலை தந்தது. கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டபோது ஆம் என்றார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டபோது, இன்றுவரை தமக்குப் படிக்கத் தெரியாது என்றார். ஒரு மராத்தித் தாளை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள்; அவர் அதைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. சக பயணி இரண்டு முறை விசாரணைக்கு வந்து காத்திருந்து திரும்பி, மூன்றாம் முறைதான் சாட்சி சொன்னார். அன்றைய கூலியை அவர் எங்களிடம் வாங்க மறுத்துவிட்டார். வாங்கியிருந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

139 அழைப்பின் பதிவு வரவழைக்கப்பட்டதும் வழக்கின் போக்கு மாறியது. அழைப்பு வந்த நேரம், கீமேன் தகவல் கொடுத்த நேரத்துக்குச் சில நிமிடங்கள் முந்தியது. ‘வண்டியிலிருந்து ஒருவர் விழுந்துவிட்டார்’ என்பதே அதில் பதிவாகியிருந்த விவரம். உடல் கிடப்பதை ரயில்வேயில் எவரும் அறியும் முன்பே, விழுந்த செய்தி ரயில்வேயின் சொந்தப் பதிவேட்டிலேயே இருந்திருக்கிறது. பஞ்சநாமா எழுதியவருக்கோ அறிக்கை தயாரித்தவருக்கோ அது போய்ச் சேரவில்லை.

விளைவு

மனு செய்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உத்தரவு வந்தது. அந்த இடத்தில் கடப்பதற்கு வழியோ காரணமோ இல்லை, எந்த மோட்டார்மேனும் மோதலைத் தெரிவிக்கவில்லை, படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் இட்ட கையெழுத்தை ஒப்புதலாகக் கொள்ள முடியாது, பாஸ் எடுத்ததை ரயில்வேயின் பதிவே காட்டுகிறது என்று தீர்ப்பாயம் கண்டது. 8 லட்சம் ரூபாயும் வட்டியும் வழங்கப்பட்டன. பெரும் பகுதி பெற்றோர் பெயரில் வங்கி வைப்பாக வைக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வதற்கான 90 நாள்களில் ரயில்வே மேல்முறையீடு செய்யவில்லை. பணம் கணக்கில் ஏற மேலும் சில மாதங்கள் ஆயின.

மாற வேண்டியவை

பாதுகாப்பைப் பொறுத்தவரை, திறந்த வாசல்தான் மூலம். தானாக மூடும் கதவுள்ள குளிர்சாதன லோக்கல் 2017 டிசம்பர் 25 அன்றே மும்பையில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அதன் கட்டணம் எங்கள் குடும்பங்களுக்கு எட்டாதது, வண்டிகளின் எண்ணிக்கையும் குறைவு. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா வளைவில் எதிரெதிரே சென்ற இரண்டு வண்டிகளின் வாசல்களில் நின்றவர்கள் விழுந்து, அன்றே நால்வர் இறந்தனர். அதன் பிறகுதான் குளிர்சாதன வசதியில்லாத வண்டிகளிலும் தானியங்கிக் கதவு பொருத்தப்படும் என ரயில்வே அறிவித்தது. கதவை மூடினால் மூச்சு முட்டும் என்ற பழைய ஆட்சேபத்துக்கு விடையாக, கதவில் காற்றுத் துளைகள், கூரையில் காற்றோட்டக் கருவி, பெட்டிக்குப் பெட்டி நடந்து செல்லும் இணைப்பு ஆகியவை வடிவமைப்பில் சேர்க்கப்பட்டன. மூன்றாவதே முக்கியமானது என்பது என் எண்ணம். திறந்த வாசலுள்ள பழைய வண்டிகளில் ஒரு பெட்டியின் நெரிசல் அடுத்த பெட்டிக்குப் பரவ வழியே இல்லை.

பதிவைப் பொறுத்தவரை, 139இல் வரும் ‘விழுந்துவிட்டார்’ என்ற தகவல், அந்தப் பகுதியின் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் ரயில்வே போலீசாருக்கும் அப்போதே போய், மெமோவில் ஏற வேண்டும். விவரம் தெரியாதபோது ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதுவதற்குப் பஞ்சநாமாவில் தடை ஒன்றுமில்லை. இயற்கைக்கு மாறான மரணங்களை விசாரிக்கும் விதி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவிலிருந்து 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவுக்கு மாறியிருக்கிறது. எழுதும் வாசகம் மாறவில்லை.

எங்கள் குழுவின் நடைமுறை இப்போது வேறு. மரணச் செய்தி வந்தவுடன், மராத்தி படிக்கத் தெரிந்த ஒருவர் குடும்பத்துடன் காவல் நிலையத்துக்குப் போகிறார்; வாக்குமூலத்தில் ‘நேரில் பார்க்கவில்லை, எப்படி நடந்தது என்று தெரியாது’ என்பது இடம்பெறாமல் கையெழுத்து வேண்டாம் என்று சொல்கிறோம். ஏறிய நிலையத்தின் கேமரா பதிவைப் பாதுகாத்து வைக்கக் கோரும் கடிதம் முதல் வாரத்திலேயே போய்விடுகிறது. செல்பேசியில் பாஸ் எடுப்பவர்களிடம், அதன் படத்தை வீட்டிலுள்ள ஒருவருக்கு மாதந்தோறும் அனுப்பிவைக்கச் சொல்கிறோம். இளைஞர்கள் சிரிக்கிறார்கள், சிலர் அனுப்புகிறார்கள்.

தீர்ப்பாயத்தின் உத்தரவு போலீஸ் கோப்பைத் தானாகத் திருத்திவிடுவதில்லை. அந்தக் கோப்பில் இன்னமும் அவர் தண்டவாளத்தைக் கடந்து இறந்தவர்தான். உத்தரவின் நகலை இணைத்துத் தந்தை கொடுத்த இரண்டாவது கடிதத்துக்கு ஒப்புகை கிடைத்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.